பொறிவண்டும் அதன் சொந்தக்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவப்பாக, உருண்டையாக, முதுகில் கறுப்புப் புள்ளியோடு ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டால் "இது பொறிவண்டுதானே?" என்று படம் எடுத்து அனுப்புகிறவர்கள் எனக்கு நிறையப் பேர். பாதிப் படங்களில் இருப்பது பொறிவண்டு இல்லை. "இது நிச்சயம் இல்லை" என்று அவர்களே சொல்லும் கறுத்த, மயிர் அடர்ந்த பொடி வண்டுதான் சில நேரம் அசல் பொறிவண்டாக இருக்கும். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

புள்ளியை எண்ணினால் வண்டின் வயது தெரியுமா?

தெரியாது. கூட்டுப்புழுவின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் வண்டு வெளிர் மஞ்சளாக, ஈரப் பளபளப்போடு, புள்ளியே இல்லாமல் இருக்கும். சில மணி நேரத்தில் புள்ளிகள் தெளிந்துவிடும். சிவப்பு இன்னும் அழுத்தமாக ஏற நாளாகலாம். ஆனால் புள்ளியின் எண்ணிக்கை அதோடு சரி, சாகும்வரை மாறாது.

இனத்தையாவது புள்ளியை வைத்துச் சொல்லலாமா?

சில இனங்களில் சொல்லலாம். பலவற்றில் ஏமாந்துபோவோம். வகைப்பாட்டின் தந்தை எனப்படும் லின்னேயஸ் 1758-இல் பொறிவண்டுகளை காக்சினெல்லா என்ற ஒரே பேரினத்தில் போட்டார். இனப் பெயர்களைப் புள்ளியை எண்ணியே வைத்தார்: பைபங்டேட்டா என்றால் இரண்டு புள்ளி, செப்டெம்பங்டேட்டா என்றால் ஏழு, டெசெம்பங்டேட்டா என்றால் பத்து. ஏழுபுள்ளிக்காரர் பெரும்பாலும் பெயருக்கேற்றபடி நடந்துகொள்கிறார். பத்துப்புள்ளிக்காரர் அப்படி இல்லை, புள்ளியே இல்லாமலும் வருவார், பத்துக்கு மேலும் வைத்துக்கொண்டு வருவார். இருபுள்ளி வண்டிலோ உடல் முழுக்கக் கறுப்பு, அதில் நான்கோ ஆறோ சிவப்புத் திட்டு என்ற வகையும் உண்டு.

உச்சம் என்றால் ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட ஹார்மோனியா ஆக்சிரிடிஸ்தான். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறவடிவங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். பரிணாம உயிரியலில் பெரும் பெயரான டோப்ஜான்ஸ்கி தொடக்க காலத்தில் ஆராய்ந்தவை பொறிவண்டுகளின் இந்த நிறவேறுபாடுகள்தான். பிறகு சீன மரபியலாளர் டான் ஜியாஜென் இதே ஹார்மோனியாவைக் கலப்பினம் செய்து, பெற்றோர் இருவரின் கறுப்புப் பகுதிகளும் பிள்ளையின் முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதை 1946-இல் விளக்கினார். இதற்கெல்லாம் பின்னால் இருப்பது பேனியர் என்ற ஒரே மரபணு என்பது 2018-இல்தான் தெரிந்தது. எங்கே கறுப்பு ஏற வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஒரு மரபணு கொஞ்சம் மாறினாலே இவ்வளவு வேடம் போட முடியும் என்றால், வேடத்தை நம்பி வம்சாவளி எழுத முடியுமா?

தமிழிலும் 'பொறி' என்றால் புள்ளி என்றொரு பொருள் உண்டு. நாமும் பெயர் வைக்கும்போது புள்ளியில்தான் விழுந்திருக்கிறோம்.

புள்ளி இல்லையென்றால் வேறு எதைப் பார்ப்பது?

பாதத்தை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். வண்டை ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டு, அது சுவரில் ஏறும்போது அடியிலிருந்து பாருங்கள். பாதத்தில் மூன்று கணுக்கள் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது கணு அகலமாக, இதயம்போல் இரண்டு மடலாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுக்குள் ஒளிந்துகொண்டு மிகச் சின்னதாக இன்னொரு கணு இருக்கிறது. அதிலிருந்துதான் நகம் தாங்கும் கடைசிக் கணு நீளும். ஆக, மொத்தம் நான்கு, கண்ணுக்குத் தெரிவது மூன்று.

பழைய பூச்சியியலாளர்கள் பாதக் கணுக்களை எண்ணியே வண்டுகளைப் பிரித்தார்கள். ஒளிந்திருந்த கணுவைக் கவனிக்காமல் இவர்களை 'டிரைமெரா', அதாவது முக்கணுவர், என்ற கூட்டத்தில் சேர்த்தார்கள். எண்ணிக்கை தப்புதான். ஆனாலும் இந்தக் கூட்டத்தில் பொறிவண்டோடு சேர்ந்து வந்த பூஞ்சை வண்டுகள் உண்மையிலேயே நெருங்கிய உறவு என்று பின்னால் தெரிந்தது. தப்பான கணக்குக்குச் சரியான விடை கிடைத்ததுபோல.

அடுத்தது வாய். வாயோரம் தொங்கும் உணர்நீட்சியின் கடைசித் துண்டு பெரும்பாலான பொறிவண்டுகளில் கோடரியின் அலகுபோல விரிந்திருக்கும். பிரெஞ்சுக்காரரான மூல்சான் 1850-இல் வெளியிட்ட பெரிய நூலில் இவர்களுக்கு 'கோடரி உணர்நீட்சியர்' என்ற பொருள்படத்தான் பெயர் வைத்தார். அதற்கும் மேல், வயிற்றின் முதல் தகட்டில் பின்னங்கால் பொருந்தும் இடத்துக்குப் பின்னால் ஓடும் வளைகோடு. கடைசியாக, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு. நெருங்கிய இனங்களைப் பிரிக்க இதை அறுத்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி வெகுகாலம் இருக்கவில்லை. இதையெல்லாம் படத்தில் எப்படிப் பார்ப்பது? அதனால்தான் "தெரியவில்லை" என்று அடிக்கடி பதில் போடுகிறேன்.

மொத்தம் எத்தனை இனங்கள்?

ஏறத்தாழ 6,000. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானதும் உண்டு, ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. பெரும்பாலானவை சிறியவை, மங்கல் நிறம், மயிர் மூடிய முதுகு. நமக்குப் பழக்கமான சிவப்புப் பளபளப்புக்காரர்கள் குடும்பத்தில் சிறுபான்மைதான்.

வண்டுகளுக்குள் பொறிவண்டின் இடம் எது?

வரிசை கோலியாப்டெரா, அதாவது வண்டுகள். துணைவரிசை பாலிஃபாகா, வண்டு இனங்களில் பத்தில் ஒன்பது பங்கு இதற்குள்தான். குடும்பம் காக்சினெல்லிடே. இதுவரை சிக்கல் இல்லை. துணைவரிசைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் வரும் பெருங்குடும்பத்தில்தான் தகராறு.

நெடுங்காலமாக குகுஜாய்டியா என்ற பெருங்குடும்பத்தில் வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அது எங்கே வைப்பது என்று தெரியாத சின்ன வண்டுகளையெல்லாம் போட்டுவைத்த பரண். அந்தப் பரணுக்குள்ளேயே ஒரு மூட்டை மட்டும் தனியாகத் தெரிகிறது என்று 1955-இல் கண்டுகொண்டவர் பிரிட்டிஷ் வண்டியலாளர் குரௌசன். அந்த மூட்டைக்கு 'செரிலோனிட் தொடர்' என்று பெயர் வைத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2015-இல், பல மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு அந்த மூட்டையைப் பரணிலிருந்து இறக்கி காக்சினெல்லாய்டியா என்ற தனிப் பெருங்குடும்பமாக்கியது. அப்போது அதில் 15 குடும்பங்கள்.

அந்தச் சொந்தக்காரர்கள் யார்?

பெரும்பாலும் பூசணத்தில் வாழ்கிறவர்கள். சிலரை மட்டும் சொல்கிறேன்.

எண்டோமைக்கிடே என்பவை அழகிய பூஞ்சை வண்டுகள். சிவப்பும் கறுப்புமாக, பொறிவண்டென்றே நினைக்கவைக்கும். உணர்கொம்பு நீளம், நுனியில் மூன்று துண்டுக் குமிழ். தலைக்குப் பின்னால் இருக்கும் முன்மார்புத் தகட்டில் இரண்டு பள்ளக்கோடுகள் நெடுக்காக ஓடும். இந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டால் ஏமாற வேண்டியதில்லை.

கொரிலோஃபிடே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். முன்மார்புத் தகடு முக்காடுபோல் தலையை மூடியிருக்கும். வித்துத்தூள் தின்று வாழ்கிறவை. லாட்ரிடிடே ஈரம் கோத்த சுவரிலும் பூசணம் பிடித்த காகிதத்திலும் ஊரும் பழுப்புப் பொடி வண்டுகள், வீட்டுக்குள்ளேயே பலர் பார்த்திருப்பீர்கள். பொத்ரிடெரிடே மட்டும் வேறு பாதையில் போனது. அதன் புழுக்கள் மரம் துளைக்கும் வண்டுகளின் புழுக்கள்மீது ஒட்டிக்கொண்டு அவற்றைத் தின்று வளர்கின்றன.

இவர்களில் பொறிவண்டுக்கு உடன்பிறப்பு யார் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது. ஒருமுறை கொரிலோஃபிடே, இன்னொருமுறை பழைய எண்டோமைக்கிடேயிலிருந்து பிரித்தெடுத்த சிறு குடும்பம் ஒன்று. கிளைகள் எல்லாம் குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பிரிந்ததால் டி.என்.ஏ.-விலும் தடயம் மங்கலாகத்தான் இருக்கிறது.

புத்தகத்துக்குப் புத்தகம் துணைக்குடும்பங்களின் எண்ணிக்கை ஏன் மாறுகிறது?

நியாயமான எரிச்சல். 1843-இல் ரெட்டன்பாக்கர் செடி தின்பவை, அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி) தின்பவை என்று இரண்டாக்கினார். மூல்சான் மயிர் உள்ளவை, மயிர் இல்லாதவை என்று இரண்டாக்கினார். 1968-இல் ஜப்பானின் சசாஜி புழுவையும் வண்டையும் சேர்த்து நுணுகிப் பார்த்து ஆறு துணைக்குடும்பங்கள் அமைத்தார். 1996-இல் கோவார் அதை ஏழாக்கினார். பல பாடநூல்கள் இந்த ஆறோடோ ஏழோடோ நின்றுவிட்டன.

பிறகு ஸ்லிபின்ஸ்கி 2007-இல் ஒரேயடியாக இரண்டாகச் சுருக்கினார்: மைக்ரோவைசினே, காக்சினெல்லினே. முதலாவதில் இருப்பவை மிகப் பொடியவை, வாய் உணர்நீட்சி கோடரிபோல் விரியாமல் கூம்பாக முடியும். மற்ற எல்லாமே இரண்டாவதில். கேட்டதும் பலருக்கு அதிர்ச்சிதான், ஆனால் மரபணுக்களை ஒப்பிட்டு அடுத்தடுத்து வரைந்த வம்ச மரங்கள் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றன. மூத்த கிளை என்று சசாஜி நினைத்த ஸ்டிக்கோலோடிடினே ஒரே வம்சம் இல்லை, ஒன்றுக்கொன்று தொலைவான சிறு வண்டுகளின் கதம்பம் என்று ஆனது. 2021-இல் வந்த விரிவான ஆய்வொன்று மோனோகோரினினே என்ற மூன்றாவதைச் சேர்த்தது. இன்று எழுதினால் மூன்று என்று எழுதுவேன்.

பொறிவண்டு எப்போது தோன்றியது?

மரபணு மாற்றங்கள் சேரும் வேகத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கும் மூலக்கூறுக் கடிகாரக் கணக்குகள் பெரும்பாலும் கிரீட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியையே காட்டுகின்றன. டைனோசர்கள் இருந்த காலம், பூக்கும் செடிகள் பரவத் தொடங்கிய காலம்.

புதைபடிவம் என்று பார்த்தால் நல்ல மாதிரிகள் எல்லாம் அதற்கு வெகு பின்னால் வரும் இயோசீன் காலத்து அம்பரில், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினில், கிடைக்கின்றன. பிரான்சின் வாஸ் பகுதி அம்பரில் அகப்பட்டவை ஏறத்தாழ 5.3 கோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றில் ரைசோபியஸ் என்ற பேரினத்தில் வைத்திருப்பவையும் உண்டு, அந்தப் பேரினம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பால்டிக் அம்பரில் செராஞ்சியம் பேரினத்து வண்டுகள் கிடைத்தன. இன்றைய செராஞ்சியம் வெள்ளை ஈயைத் தின்று வாழ்வது, பால்டிக் அம்பரிலும் வெள்ளை ஈக்கள் உண்டு. இந்தச் சண்டை நாலு கோடி ஆண்டுகளாக நடக்கிறது என்று ஊகிக்க இது போதும்.

ஆதிப் பொறிவண்டு அசுவினியைத்தான் தின்றதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பொறிவண்டின் வரலாற்றை அதன் சாப்பாட்டுத் தட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

சொந்தக்காரர்கள் எல்லாம் பூசணம் தின்கிறவர்கள் என்பதால், குடும்பம் பிரிவதற்கு முன் இருந்த மூதாதையும் பூசணம் தின்றிருக்க வேண்டும். பிரிந்து வந்தவர் பிடித்துக்கொண்டது செதில் பூச்சியை. 2009-இல் வந்த ஓர் ஆய்வு உணவுப் பழக்கங்களை மரபணு மரத்தின்மேல் பொருத்திப் பார்த்து, குடும்பத்தின் முதல் இரை செதில் பூச்சிகள்தான் என்ற முடிவுக்கு வந்தது. யோசித்தால் பொருந்துகிறது. செதில் பூச்சி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஓடாது. அது கழிக்கும் தேன்கழிவில் கரும்பூசணம் படரும். பூசணத்தை மேய வந்த வண்டு பக்கத்தில் கிடந்ததையும் கடித்துப் பார்த்திருக்கும். இது என் ஊகம் மட்டுமில்லை, ஆய்வாளர்களும் முன்வைப்பதுதான்.

2021-இல் இன்னொரு வியப்பு. பாக்டீரியாவின் செல்சுவரைக் கரைக்கும் நொதிக்கான மரபணு ஒன்று பொறிவண்டுகளின் மரபணுத் தொகுப்பில் இருக்கிறது. அது பாக்டீரியாவிடமிருந்தே நேராகத் தாவி வந்தது. சாறு உறிஞ்சும் பூச்சிகளைத் தின்றால் கூடவே கிருமிகளும் வயிற்றுக்குள் போகும், அதைச் சமாளிக்க இந்த இரவல் ஆயுதம் உதவியிருக்கும் என்று கருதுகிறார்கள்.

செதில் பூச்சியிலிருந்து கிளைகள் பிரிந்தன. மாவுப்பூச்சிக்குப் போனவை உண்டு. ஸ்டெதோரஸ் சிலந்திப்பேனைப் பிடித்துக்கொண்டது. அசுவினி வேட்டை தனித்தனிக் கிளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பிறந்தது, அதில் பேர்போனவை நமக்குத் தெரிந்த பளபளப்புக்காரர்கள். டயோமஸ் தொராசிகஸ் என்ற தென்னமெரிக்க வண்டின் புழு எறும்புப் புற்றுக்குள் குடியிருந்துகொண்டு எறும்புக் குஞ்சுகளையே தின்கிறது.

சாப்பாடு மாறினால் தாடையும் மாறும். செதில் பூச்சியின் மேல்மூடியை நெம்பித் திறந்து அதைத் தின்னும் கைலோகோரஸ் கூட்டத்துக்குத் தாடை நுனி ஒற்றைக் கூர். அசுவினி தின்பவற்றுக்குப் பெரும்பாலும் இரட்டைக் கூர். சாம்பல் நோயைச் சுரண்டித் தின்னும் இல்லெய்ஸ், சைலோபோரா போன்றவற்றில் அந்தக் கூரின் ஓரம் சீப்புபோல் பல்பல்லாக ஆகிவிட்டது. மூதாதை விட்டுவந்த பூசண உணவுக்கே இந்தக் கூட்டம் திரும்பிப் போயிருக்கிறது, அதுவும் அசுவினி வேட்டைக்காரர்களின் கிளைக்குள்ளிருந்து.

கத்தரி இலையைச் சல்லடையாக்கும் வண்டும் பொறிவண்டா?

ஆமாம். எபிலாக்னா வண்டு அசல் காக்சினெல்லிடேதான், வேடம் போட்ட வேறு குடும்பம் இல்லை. அந்தக் கூட்டத்தில் மட்டும் சுமார் 1,000 இனங்கள், எல்லாம் சைவம். முதுகில் மெல்லிய மயிர் இருப்பதால் பளபளப்பு குறைவு. புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முட்களோடு இருக்கும். இலையின் அடியில் உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டும், நரம்பும் மேல்தோலும் மிஞ்சும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இணைகோடுகளாக வரிவரியாகத் தெரியும்.

பூசணிக் குடும்பத்துச் செடிகளைத் தின்னும் எபிலாக்னா பொரியாலிஸ் இன்னும் கெட்டிக்காரர். முதலில் இலையில் ஒரு வட்டத்தைக் கடித்து அகழி வெட்டுவார். காயம்பட்டால் செடி அனுப்பும் பிசுபிசுப்பான சாறு உள்ளே வராது. பிறகு வட்டத்துக்குள் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பாடு.

பழைய நூல்களில் எபிலாக்னினே தனித் துணைக்குடும்பம். இன்று அது காக்சினெல்லினேக்குள் அடங்கிய ஒரு கிளை. இறைச்சி தின்னும் வம்சத்தில் நடுவில் பிறந்து இலைக்கு மாறியவர்கள்.

பெயர்களை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

எனக்கும் கடுப்புதான். கத்தரி வண்டு எபிலாக்னாவாக இருந்து ஹெனோசெபிலாக்னா ஆனது. அசுவினி தின்னும் ஆறுபுள்ளி வண்டு மெனோகைலஸிலிருந்து கெய்லோமெனஸுக்குப் போனது. எல்லாரையும் மிஞ்சியவர் வெடாலியா.

ஆஸ்திரேலியாவிலிருந்து தவறிவந்த பஞ்சு செதில் பூச்சி கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1888-இல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலி ஆஸ்திரேலியாவுக்கே போய், அங்கே அதைத் தின்னும் சிவப்பு வண்டைப் பிடித்துக் கப்பலில் அனுப்பினார். சில நூறு வண்டுகள்தான் போய்ச் சேர்ந்தன. ஓரிரு ஆண்டுகளில் பூச்சி அடங்கியது. உயிரியல் கட்டுப்பாட்டின் முதல் பெரிய வெற்றி அது. அப்போது வண்டின் பெயர் வெடாலியா கார்டினாலிஸ். பிறகு ரோடோலியா கார்டினாலிஸ் ஆனது. 2020-இல் ரோடோலியாவும் அதைவிட மூத்த பெயரான நோவியஸும் ஒரே பேரினம் என்று காட்டியதால் இப்போது நோவியஸ் கார்டினாலிஸ். இரண்டு பெயர் ஒரே கூட்டத்தைக் குறித்தால் முதலில் வைத்ததே நிற்கும் என்பது விதி.

இதில் பயனும் உண்டு. நோவியஸ் கூட்டம் பெரும்பாலும் இந்தப் பெரிய செதில் பூச்சிகளையே தின்கிறது. புதிதாக ஓர் இனத்தை அந்தக் கூட்டத்தில் சேர்த்தால், அது என்ன தின்னும் என்று பார்க்காமலே பாதி சொல்லிவிடலாம்.

நிறம் மட்டும் ஏன் இப்படி உறுத்துகிறது?

"என்னைத் தின்னாதே" என்ற பலகை அது. விரலால் அழுத்திப் பாருங்கள், முழங்கால் மூட்டிலிருந்து மஞ்சள் துளி கசியும். அது அதன் இரத்தமேதான், காக்சினெல்லின் போன்ற கசப்பான ஆல்கலாய்டுகளும் நாற்றமும் கலந்தது. ஒருமுறை வாயில் போட்ட பறவை மறக்காது.

பலகை வேலை செய்கிறது என்றால் விஷமில்லாதவர்களும் அதை மாட்டிக்கொள்வார்கள். பிலிப்பைன்ஸில் புரோசோபிளெக்டா என்ற கரப்பான்கள் இருக்கின்றன. தட்டையாக நீண்டிருக்க வேண்டிய கரப்பான் உருண்டு, சிவந்து, புள்ளியும் போட்டுக்கொண்டு பொறிவண்டாகவே நிற்கும். பின்சிறகு நீளம் என்பதால், குட்டையான முதுகுக்குள் அடங்க அதன் நுனியைச் சுருட்டி வைத்துக்கொள்ளும்.

இலை வண்டையும் பொறிவண்டையும் சட்டென்று பிரிப்பது எப்படி?

உணர்கொம்பைப் பாருங்கள். பொறிவண்டுக்குக் குட்டை, நுனியில் குமிழ். இலை வண்டுக்கு நூல்போல் நீளம். சந்தேகம் தீரவில்லையென்றால் பாதம்: இலை வண்டில் தெரிவது நான்கு கணு. அதற்கும் ஒரு கணு ஒளிந்திருக்கிறது, உண்மையில் ஐந்து.

புழுவைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் அவசரப்படக் கூடாது. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸின் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல்களோடு, பார்க்க மாவுப்பூச்சியாகவே இருக்கும். நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரு கிளை முழுக்க "பெரிய மாவுப்பூச்சிகளை" நசுக்கிப்போட்டேன். கடைசி ஒன்று மட்டும் விரலுக்குத் தப்பி விறுவிறுவென்று ஓடியது. மாவுப்பூச்சி அந்த வேகத்தில் ஓடாது.